மேலாண்மை முறைமையின் முதிர்ச்சியை மதிப்பிடுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாகன உதிரிபாகம், பம்ப், வார்ப்படம், எந்திரப் பணி ஆகிய துறைகளில் இயங்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களின் நிர்வாகிகளும் தரத்துறைப் பொறுப்பாளர்களும் முதிர்ச்சி மதிப்பீடு குறித்து வழக்கமாக எழுப்பும் கேள்விகளுக்கு இப்பக்கத்தில் விடை தரப்பட்டுள்ளது. உதாரணங்கள் பெரும்பாலும் கோவை வட்டாரத்து வார்ப்படத் தொழிலைச் சார்ந்தவை என்றாலும், மதிப்பிடும் முறை பிற துறைகளுக்கும் பொருந்தும்.

மேலாண்மை முறைமையின் முதிர்ச்சி என்பது என்ன?

ஒரு நிறுவனம் தன் வேலையைத் திட்டமிடவும், நடத்தவும், சரிபார்க்கவும், பிழைகளிலிருந்து கற்றுக்கொள்ளவும் வகுத்துக்கொண்ட நடைமுறைகளின் தொகுப்பே மேலாண்மை முறைமை. அந்த நடைமுறைகள் எந்த அளவுக்கு வேரூன்றியிருக்கின்றன, எத்தனை பிரிவுகளில் ஒரே சீராகக் கடைப்பிடிக்கப்படுகின்றன, ஆள் மாறினாலும் ஆர்டர் நெருக்கடி வந்தாலும் குலையாமல் நிற்கின்றனவா, அவற்றால் கிடைத்த பலன் என்ன என்பவற்றைச் சேர்த்தே முதிர்ச்சி என்கிறோம். திறமையான ஒரு தர மேலாளர் இருக்கும்வரை ஒழுங்காக நடந்து, அவர் வேலையை விட்டுப் போன சில மாதங்களில் சரிந்துவிடும் முறைமை அந்த மனிதரின் திறமைக்குச் சான்றாகலாம். நிறுவனம் முதிர்ச்சி அடைந்துவிட்டது என்பதற்குச் சான்றாகாது.

எங்களிடம் ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் இருக்கிறது. அதற்கு மேல் இந்த மதிப்பீடு எதற்கு?

சான்றிதழ்த் தணிக்கை கேட்பது ஒரே வகையான கேள்வியை: தரநிலை விதிக்கும் நிபந்தனை நிறைவேறியிருக்கிறதா, இல்லையா? உள் தணிக்கை நடந்திருக்க வேண்டும் என்கிறது, தர மேலாண்மைக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001. நடந்திருந்தால் நிபந்தனை நிறைவேறியது. ஆனால் ஒரு தொழிற்சாலையில் உள் தணிக்கை என்பது வெளித் தணிக்கையாளர் வருவதற்கு முந்தைய வாரம் அவசரமாக நிரப்பப்படும் படிவமாக இருக்கலாம். அடுத்த தெருவில் இருக்கும் தொழிற்சாலையிலோ, அந்தத் தணிக்கையில் கிடைத்த தகவலை வைத்துத்தான் அடுத்த ஆண்டுக்கான எந்திரப் பராமரிப்புச் செலவே தீர்மானிக்கப்படலாம். இரண்டு நிறுவனங்களின் வரவேற்பறையிலும் ஒரே சான்றிதழ்தான் தொங்கும்.

சான்றிதழ் மூன்றாண்டுச் சுழற்சியில் வழங்கப்படுகிறது. இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை நடக்கும். தணிக்கையாளருக்குக் கிடைக்கும் சில நாட்களில் மாதிரிகளைத்தான் அவர் பார்க்க முடியும். இது தணிக்கையின் குறையன்று. அதன் நோக்கமே அவ்வளவுதான். அதைத் தாண்டி எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், எங்கே பலவீனமாக இருக்கிறோம் என்று ஒரு நிறுவனம் தன்னையே அளந்துகொள்வதற்காகத்தான் ஐஎஸ்ஓ 9004 என்ற தனி வழிகாட்டுதல் இருக்கிறது. அதன் 2018-ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னிணைப்பில் ஐந்து நிலைகளைக் கொண்ட சுயமதிப்பீட்டு அட்டவணைகள் உள்ளன. 9004-க்குச் சான்றிதழ் கிடையாது. அதனாலேயே அது பலரின் கண்ணில் படாமல் போகிறது என்பது வருத்தத்துக்குரியது. காட்டிப் பெருமைப்பட எதுவும் இல்லாத இடத்தில்தான் உண்மையான மதிப்பீடு எளிதாகிறது.

ஐந்து நிலைகள் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்கத் தர வல்லுநர் பிலிப் கிராஸ்பி 1979-இல் முன்வைத்த முதிர்ச்சி அட்டவணை இதன் முன்னோடிகளில் முக்கியமானது. தரத்தைப் பற்றிய நிர்வாகத்தின் மனப்போக்கை அவர் ஐந்து கட்டங்களாகப் பிரித்தார். தரம் ஏன் கெடுகிறது என்றே தெரியாத முதல் கட்டத்தில் தொடங்கி, ஏன் கெடவில்லை என்பதை அறிந்து சொல்ல முடிகிற ஐந்தாவது கட்டத்தில் அது முடிகிறது.

இந்த எண்ணத்தை விரிவான அளவுகோலாக்கியது மென்பொருள் துறை. ஒப்பந்ததாரர்களிடம் கொடுக்கும் மென்பொருள் வேலைகள் காலம் கடந்தும் செலவு கூடியும் வருவதைக் கண்ட அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, யாருடைய வேலைமுறை நம்பத்தக்கது என்று முன்கூட்டியே கணிக்க வழி தேடியது. அதன் நிதியுதவியில் 1984-இல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மென்பொருள் பொறியியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே வாட்ஸ் ஹம்ஃப்ரி தலைமையில் உருவான ஐந்து நிலைச் சட்டகம் 1991-இல் சிஎம்எம் என்ற மாதிரியாக வெளிவந்து, பின்னர் சிஎம்எம்ஐ ஆக விரிந்தது. 1990-களின் பிற்பகுதியிலிருந்து இந்திய மென்பொருள் நிறுவனங்கள் பலவும் அதன் ஐந்தாம் நிலையை எட்டி வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் நம்பிக்கையைப் பெற்றன. ‘லெவல் ஃபைவ் கம்பெனி’ என்ற பேச்சு சென்னையிலும் பெங்களூரிலும் பரவியது அந்தக் காலத்தில்தான்.

எங்கள் நிறுவனத்துக்கு எந்த மாதிரி பொருந்தும்?

பொது உற்பத்தி நிறுவனத்துக்கு ஐஎஸ்ஓ 9004 போதும். நிறுவனத்தின் சூழல், அடையாளம், தலைமை, செயல்முறை மேலாண்மை, வள மேலாண்மை, செயல்திறன் பகுப்பாய்வு, மேம்பாடும் கற்றலும் புதுமையும் என்ற தலைப்புகளில் அது கேள்விகளை எழுப்புகிறது. மென்பொருள், சேவை நிறுவனங்களுக்குச் சிஎம்எம்ஐ. வாகனங்களில் பொருத்தப்படும் மின்னணுக் கட்டுப்பாட்டுச் சாதனங்களுக்கு மென்பொருள் எழுதுவோரிடம் கார் நிறுவனங்களே ஆட்டோமோட்டிவ் ஸ்பைஸ் என்ற செயல்முறை மதிப்பீட்டைக் கேட்பதுண்டு.

விருதுகளை ஒட்டிய மாதிரிகளும் உண்டு. ஜப்பானிய விஞ்ஞானிகள், பொறியாளர்கள் ஒன்றியம் 1951 முதல் வழங்கிவரும் டெமிங் பரிசு அவற்றில் மூத்தது. சென்னையின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1998-இல் அதைப் பெற்றது. டிவிஎஸ் மோட்டார் 2002-இல் பெற்றது. பின்னர் ரானே குழும நிறுவனங்களும் பெற்றன. அந்தப் பரிசில் முதலிடம், இரண்டாமிடம் என்ற போட்டி இல்லை என்பது கவனிக்கத்தக்கது. வரையறுத்த தகுதியை எட்டிய எல்லா நிறுவனங்களுக்கும் அது வழங்கப்படலாம். அமெரிக்காவில் 1987-இல் சட்டமாகிய பால்ட்ரிஜ் விருதின் மதிப்பீட்டில் நெடுங்காலமாக 1000 புள்ளிகளில் 450 புள்ளிகள் விளைவுகளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. வழிமுறை எவ்வளவு அழகாக எழுதப்பட்டிருந்தாலும், பலன் தெரியாவிட்டால் 550 புள்ளிகளுக்கு மேல் தேற முடியாது என்பது அதன் பொருள். நீங்கள் எந்த மாதிரியை எடுத்தாலும் இந்த அணுகுமுறையை மட்டும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்வேன்.

நிலைகளின் வேறுபாடு நடைமுறையில் எப்படித் தெரியும்?

வரையறைகளைப் படித்தால் எல்லா நிலைகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஒரே பிரச்சினையை ஐந்து நிலைகளிலும் வைத்துப் பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும். வார்ப்படத்தில் ப்ளோ ஹோல் (வாயுவால் உண்டாகும் துளை) இருப்பதாக வாடிக்கையாளரிடமிருந்து புகார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் நிலையில் உள்ள தொழிற்சாலை, கெட்ட பீஸ்களுக்கு மாற்றாக வேறு பீஸ்களை அன்றிரவே வண்டியேற்றி அனுப்பிவிடும். சூப்பர்வைசர் மோல்டிங் ஆளைக் கண்டிப்பார். அத்துடன் விஷயம் முடிந்தது. எழுத்தில் எதுவும் இராது.

இரண்டாம் நிலையில், வாடிக்கையாளர் கேட்கிறார் என்பதற்காக, பிரச்சினையை எட்டுப் படிகளில் ஆராயும் 8டி அறிக்கை தயாராகும். மூலகாரணம் என்ற கட்டத்தில் ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்றும், திருத்த நடவடிக்கை என்ற கட்டத்தில் ‘பயிற்சி அளிக்கப்பட்டது’ என்றும் எழுதப்படும். சென்ற ஆண்டு அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அதே சொற்கள் இருக்கும். கோப்பு ஒழுங்காக இருக்கிறது, பிரச்சினை தீரவில்லை.

மூன்றாம் நிலையில் உண்மையான தேடல் தொடங்குகிறது. கெட்ட பீஸ்கள் எந்த ஷிஃப்டில் வார்க்கப்பட்டவை, அப்போது கிரீன் சேண்ட் எனப்படும் ஈர அச்சுமணலின் ஈரப்பதம் என்ன, வாயு வெளியேறும் திறன் என்ன என்று பின்னோக்கிப் போகிறார்கள். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் மணல் சோதனை தவறவிடப்படுவதும், மழைக்காலத்தில் திறந்தவெளியில் கிடக்கும் புதுமணல் ஈரத்தை இழுத்துக்கொள்வதும் தெரியவருகின்றன. சோதனை நேரம் மாற்றப்படுகிறது. மணலுக்குக் கூரை போடப்படுகிறது. எதை, எப்படிச் சோதிப்பது என்று சொல்லும் கன்ட்ரோல் பிளானும், எங்கே என்ன பிழை வரலாம் என்று முன்கூட்டியே பட்டியலிடும் எஃப்எம்இஏ ஆவணமும் திருத்தப்படுகின்றன. அதே மணலில் வார்க்கப்படும் மற்றப் பாகங்களுக்கும் மாற்றம் விரிவாக்கப்படுகிறது. சில மாதங்கள் கழித்துக் குறை திரும்ப வந்ததா என்று சரிபார்க்கப்படுகிறது.

நான்காம் நிலையில் புகாருக்காகக் காத்திருப்பதில்லை. மணலின் ஈரப்பதம் கட்டுப்பாட்டு வரைபடத்தில் தொடர்ந்து பதிவாகிறது. அளவு எல்லைக்குள்ளேயே இருந்தாலும் தொடர்ந்து ஒரே பக்கமாக நகர்வது தெரிந்தால், குறை தோன்றும் முன்பே கலவை சரிசெய்யப்படுகிறது. மணலைப் பிணைக்கும் பென்டோனைட் களிமண்ணைத் தரும் சப்ளையரின் தரவும் இந்தப் பார்வைக்குள் வருகிறது. கழிவாலும் ரீவொர்க்காலும் ஏற்படும் இழப்பு ரூபாய்க் கணக்கில் மாதந்தோறும் நிர்வாகத்தின் முன் வைக்கப்படுகிறது.

ஐந்தாம் நிலையில், இந்த அனுபவம் புதிய பாகத்தின் வடிவமைப்புக்கே போய்ச் சேர்கிறது. முதல் ட்ரையலுக்கு முன்பே உலோகம் பாயும் வழியும் வாயு வெளியேறும் வழியும் பழைய குறைகளின் வெளிச்சத்தில் திட்டமிடப்படுகின்றன. பிரச்சினையைத் தீர்க்கும் தங்கள் முறை சரியானதுதானா என்பதையே அவர்கள் அவ்வப்போது பரிசீலிக்கிறார்கள்.

இவற்றுள் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறுவதுதான் மிகக் கடினம் என்பது என் கருத்து. மூன்றிலிருந்து நான்குக்குப் போகப் புள்ளியியல் அறிவு வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள முடியும். இரண்டிலிருந்து மூன்றுக்கு வருவதற்கோ, ‘ஆள் செய்த தவறு’ என்று சொல்லித் தப்பிக்கும் பழக்கத்தை நிர்வாகம் கைவிட வேண்டும்.

எல்லாத் தலைப்புகளுக்கும் மதிப்பெண் போட்டுச் சராசரி எடுத்தால் போதாதா?

போதாது. கருவிகளின் காலிபிரேஷனுக்கு (அளவுச் சரிபார்ப்பு) 4, பயிற்சிக்கு 4, திருத்த நடவடிக்கைக்கு 1 என்று வந்தால் சராசரி 3. இந்த மூன்று, அந்த நிறுவனத்தைப் பற்றி எதையும் சொல்லவில்லை. ஒரே பிழையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்யும் இடம் அது என்ற உண்மையை மறைக்கவே செய்கிறது. மதிப்பெண்களைத் தனித்தனியாகவே வைத்திருங்கள்.

ஒவ்வொரு தலைப்புக்குள்ளும் இதே கண்டிப்பு தேவை. கீழ்நிலையின் நிபந்தனைகளில் இடைவெளி இருக்கும்போது மேல்நிலையைக் கோர முடியாது என்பது ஐஎஸ்ஓ 9004-இன் விதி. செயல்முறை மதிப்பீட்டுக்கான ஐஎஸ்ஓ/ஐஇசி 33020 தரநிலை இதை இன்னும் துல்லியமாகச் செய்கிறது. ஒவ்வொரு பண்பும் நான்கு வகையாகத் தரப்படுத்தப்படுகிறது: 15 சதவீதம் வரை என்றால் எட்டப்படவில்லை, அதற்கு மேல் 50 வரை என்றால் பகுதியாக எட்டப்பட்டது, 85 வரை பெருமளவு எட்டப்பட்டது, அதற்கு மேல் முழுமையாக எட்டப்பட்டது. ஒரு நிலையைப் பெற வேண்டுமானால் அந்நிலையின் பண்புகள் குறைந்தது பெருமளவாவது எட்டப்பட்டிருக்க வேண்டும். அதற்குக் கீழுள்ள எல்லா நிலைகளின் பண்புகளும் முழுமையாக எட்டப்பட்டிருக்க வேண்டும். அடித்தளத்தில் விரிசலை வைத்துக்கொண்டு மேல்மாடி கட்டியதாகக் கணக்குக் காட்ட இங்கே வழியில்லை.

மதிப்பீட்டை யார் செய்ய வேண்டும்?

தரத்துறை மட்டும் செய்யக் கூடாது. உற்பத்தி, பராமரிப்பு, கொள்முதல், மனிதவளம், கணக்கு ஆகிய பிரிவுகளிலிருந்து ஒவ்வொருவரைச் சேர்த்துக் குழு அமைத்து, யாரும் தன் பிரிவைத் தானே மதிப்பிடாதபடி மாற்றிக் கொடுப்பது நல்லது. கொள்முதல் அதிகாரி பராமரிப்பை மதிப்பிடப் போனால், உதிரிபாகம் தாமதமாக வருவதால் எந்திரம் எத்தனை நாள் நின்றது என்பதை அவர் நேரில் பார்ப்பார். மதிப்பெண்ணைக் காட்டிலும் அதுவே பெரிய பலனாகிவிடும்.

முதல் முறை வெளியிலிருந்து அனுபவமுள்ள ஒருவரை வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் உங்களுக்கு ஆவணங்கள் தயாரித்துக் கொடுத்த அதே ஆலோசகரை அதற்கு அழைக்காதீர்கள். தன் வேலையைத் தானே குறைத்து மதிப்பிடுவது எவருக்கும் கடினம். தலைமையைப் பற்றிய கேள்விகளை நிர்வாக இயக்குநரிடம் கேட்பதோடு நிறுத்தாமல், அவருக்கு இரண்டு படி கீழே இருப்பவர்களிடமும் கேட்க வேண்டும்.

எவற்றை ஆதாரமாக ஏற்கலாம்?

ஆவணம், பதிவேடு, நேரில் காணும் வேலை, வேலை செய்பவரின் வாய்மொழி ஆகிய நான்கும் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும். ஏதேனும் ஒன்று மட்டும் தனித்து நின்றால் அது ஆதாரமாகாது.

பதிவேட்டைப் படிப்பதே ஒரு பயிற்சி. உலோகம் ஊற்றும் வெப்பநிலையைப் பதியும் லாக் ஷீட் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லேடிலுக்கு லேடில் (உருகிய உலோகத்தை ஏந்தும் கொப்பரை) வெப்பம் சில டிகிரியாவது மாறியே தீரும். ஆனால் தாளில் வரிசையாக 1400, 1400, 1400 என்று இருக்கிறது. எட்டு மணி நேரத்துக்கான பதிவுகளும் ஒரே பேனாவில், ஒரே அழுத்தத்தில், ஒரே சாய்வில் எழுதப்பட்டிருக்கின்றன. உலைக்குப் பக்கத்தில் தொங்கும் தாளில் கரிக்கறையோ கைரேகையோ இல்லை. அந்தத் தாள் ஷிஃப்ட் முடிந்தபின் அறையில் உட்கார்ந்து நிரப்பப்பட்டது என்று சொல்ல வேறு விசாரணை வேண்டியதில்லை. அதே உலையின் தாள் அழுக்கேறி, இரண்டு பேனாக்களில் எழுதப்பட்டு, நடுவில் 1362 என்று ஓர் எண்ணும் அதன் பக்கத்தில் ‘ஊற்றவில்லை, திருப்பிவிட்டோம்’ என்ற குறிப்பும் இருந்தால், அந்தத் தொழிற்சாலைக்கு நான் தயங்காமல் ஒரு நிலை கூட்டிக் கொடுப்பேன். தன் சொந்தப் பதிவேட்டில் குறையை எழுதத் துணியும் இடத்தில்தான் முறைமை உயிரோடு இருக்கிறது.

இரவு ஷிஃப்டைப் பார்க்காமல் மதிப்பீட்டை முடிக்காதீர்கள். தரத்துறை அலுவலகம் பூட்டியிருக்கும் நேரத்தில் முதல் பீஸை யார் பார்த்து ஒப்புதல் தருகிறார், சந்தேகமான பீஸ்கள் எங்கே வைக்கப்படுகின்றன, எந்திரத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது ஆகிய மூன்றுக்கும் பகலில் கிடைத்த விடையே இரவிலும் கிடைக்க வேண்டும். மாதக் கடைசியும் அப்படித்தான். அனுப்பவேண்டிய சரக்கு பாக்கி இருக்கும்போது ஆய்வு சுருங்குகிறதா என்பதை அந்த நாட்களின் பதிவுகளே சொல்லிவிடும்.

தொழிலாளர்களிடம் எப்படிப் பேச வேண்டும்?

தரக் கொள்கையை ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். சுவரில் மாட்டியதை மனப்பாடம் செய்து சொல்வதால் யாருக்கும் பலனில்லை. அவருடைய எந்திரத்தின் அருகிலேயே நின்று, அவர் கையிலுள்ள பொருளைப் பற்றிக் கேளுங்கள்: ‘தம்பி, இந்த கேஜ் கீழே விழுந்துவிட்டால் என்ன செய்வீர்கள்?’ ‘அண்ணா, போன வாரம் ஏதாவது பீஸ் சந்தேகமாக இருந்ததா, யாரிடம் சொன்னீர்கள், அவர் என்ன செய்தார்?’ கடைசிக் கேள்விதான் முக்கியம். சொன்னேன், ஆனால் எதுவும் நடக்கவில்லை என்ற பதில் பலரிடமிருந்தும் வந்தால், மேம்பாட்டுக்கான தலைப்பில் எவ்வளவு ஆவணங்கள் இருந்தாலும் மதிப்பெண் உயரக் கூடாது.

மொழியையும் கவனியுங்கள். கோவை, திருப்பூர், ஓசூர் வட்டாரத் தொழிற்சாலைகளில் பீகார், ஒடிசா, ஜார்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் பெருமளவில் வேலை செய்கிறார்கள். பணிக்குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. சூப்பர்வைசர் தமிழில் விளக்குகிறார். கேட்பவருக்கு ஒடியாதான் தெரியும். இந்த நிலையில் ‘பயிற்சி அளிக்கப்பட்டது’ என்ற பதிவேட்டின் கையொப்பம் எதையும் நிரூபிக்காது. படங்களோடு கூடிய பணிக்குறிப்பும், அவர்கள் மொழியில் பேசக்கூடிய ஒரு மூத்த தொழிலாளியும் இருக்கிறார்களா என்று பாருங்கள். மதிப்பீட்டுக் குழுவும் மொழிபெயர்க்க ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். அந்த ஒருவர் அதே தொழிலாளியின் நேரடி மேலாளராக இருக்கக் கூடாது.

சுயமதிப்பீட்டில் மதிப்பெண்கள் ஏன் எப்போதும் உயர்வாகவே வருகின்றன?

செய்ய நினைப்பதைச் செய்துகொண்டிருப்பதாக எண்ணிக்கொள்வது மனித இயல்பு. அதோடு, குறைந்த மதிப்பெண் வந்த பிரிவின் தலைவர் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேள்விக்கு ஆளாவார் என்ற அச்சம் இருந்தால், அடுத்த முறை எல்லாப் பிரிவுகளும் 4 என்று எழுதிக்கொடுக்கும். போனஸையோ சம்பள உயர்வையோ இந்த மதிப்பெண்ணோடு இணைத்துவிட்டால், அன்றோடு மதிப்பீட்டின் பயன் முடிந்துவிடும்.

இதைத் தடுக்க எளிய நடைமுறை ஒன்று உண்டு. ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் எதிரே, எந்த இடத்தில் எந்தத் தேதியில் எதைப் பார்த்தோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். எழுத முடியாத மதிப்பெண் ஒரு நிலை இறங்கும். குழு உறுப்பினர்கள் முதலில் தனித்தனியாக மதிப்பெண் இட்டு, பிறகு ஒப்பிட வேண்டும். ஒருவர் 2 என்றும் மற்றொருவர் 4 என்றும் போட்டிருந்தால், நடுவில் 3 என்று சமரசம் செய்துகொள்ளாமல், இருவரும் எதைப் பார்த்து அப்படி முடிவு செய்தார்கள் என்று பேசுங்கள். பெரும்பாலும் இருவரும் வெவ்வேறு ஷிஃப்டையோ வெவ்வேறு பிரிவையோ பார்த்திருப்பார்கள். நடைமுறை ஒரே சீராக இல்லை என்பதுதான் அங்கே கிடைத்த செய்தி.

எல்லாவற்றிலும் ஐந்தாம் நிலையை அடைய வேண்டுமா?

வேண்டியதில்லை. பிரேக் பாகம் செய்யும் நிறுவனத்துக்குத் தடமறிதலில் (எந்தப் பாகம் எந்தத் தொகுதியில் வந்தது என்று பின்தொடர்வதில்) நான்காம் நிலைக்குக் கீழே இருப்பது ஆபத்து. அலுவலக எழுதுபொருள் கொள்முதலில் இரண்டாம் நிலையே போதும். எங்கே தவறினால் உயிருக்கோ, வாடிக்கையாளர் நம்பிக்கைக்கோ, பணப்புழக்கத்துக்கோ கேடு வரும் என்று பார்த்து, அந்தத் தலைப்புகளுக்கு மட்டும் உயர்ந்த இலக்கு வையுங்கள்.

எத்தனை காலத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

முழு மதிப்பீடு ஆண்டுக்கு ஒருமுறை போதும். சான்றிதழ்த் தணிக்கைக்கு முந்தைய மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள்; அப்போது தொழிற்சாலை அதன் இயல்பான நிலையில் இருக்காது.

தரம், சுற்றுச்சூழல், பாதுகாப்பு ஆகிய மூன்று முறைமைகளையும் சேர்த்து மதிப்பிடலாமா?

சேர்த்துச் செய்யலாம். ஐஎஸ்ஓ 9001, 14001, 45001 ஆகிய மூன்றும் 4 முதல் 10 வரையான பிரிவுகளில் ஒரே அமைப்பைக் கொண்டவை: சூழல், தலைமை, திட்டமிடல், ஆதரவு, செயல்பாடு, செயல்திறன் மதிப்பீடு, மேம்பாடு. தலைமை, பயிற்சி, உள் தணிக்கை, மேலாண்மை மறுஆய்வு போன்ற பொதுவான தலைப்புகளை ஒரே முறை பார்த்துவிடலாம்.

ஆனால் பாதுகாப்புக்குத் தனி மதிப்பெண் தர வேண்டும். பாதுகாப்புப் பண்பாட்டை அளக்க உளவியலாளர் பேட்ரிக் ஹட்சன் போன்றோர் வளர்த்தெடுத்த ஐந்து படிகள் இங்கே உதவும்: மாட்டிக்கொள்ளாதவரை கவலையில்லை என்ற முதல் படி, விபத்து நடந்த பின்பு மட்டும் விழிக்கும் இரண்டாம் படி, படிவமும் புள்ளிவிவரமும் பெருகியிருக்கும் மூன்றாம் படி, வரக்கூடிய ஆபத்தைத் தேடிப்போகும் நான்காம் படி, பாதுகாப்பே வேலை செய்யும் முறையாகிவிட்ட ஐந்தாம் படி. தரத்தில் மூன்றாம், நான்காம் நிலையில் இருக்கும் ஆலை, பாதுகாப்பில் இரண்டாம் படியில் நிற்பது அரிதன்று. பவர் பிரஸ்ஸில் உற்பத்தி வேகத்துக்காகப் பாதுகாப்பு சென்சாரை முடக்கி வைத்திருக்கும் இடத்தில், தர வரைபடங்கள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் நிர்வாகத்தின் முதிர்ச்சியை நான் ஏற்க மாட்டேன். விரலை இழப்பவருக்கு நம்முடைய மற்ற மதிப்பெண்களால் எந்தப் பயனும் இல்லை.

முப்பது பேர் மட்டும் வேலை செய்யும் பட்டறைக்கு இது சாத்தியமா?

சாத்தியம்தான், முழு அட்டவணையையும் நிரப்ப வேண்டியதில்லை. வாடிக்கையாளர் புகார், காலிபிரேஷன், பயிற்சி, எந்திரப் பராமரிப்பு, பாதுகாப்பு என்ற ஐந்து தலைப்புகளோடு தொடங்கலாம். உரிமையாளரும் மூத்த ஃபோர்மேனும் சேர்ந்து சில மதியங்களில் முடித்துவிடலாம்.

குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக இந்திய அரசு 2016-இல் தொடங்கி 2022-இல் மாற்றியமைத்த ‘ஜீரோ டிஃபெக்ட் ஜீரோ எஃபெக்ட்’ சான்றிதழ்த் திட்டமும் முதிர்ச்சி அளவுகோல்தான். மாற்றியமைத்தபோது வெண்கலத்துக்கு 5, வெள்ளிக்கு 14, தங்கத்துக்கு 20 அளவுருக்கள் வைக்கப்பட்டன. சான்றிதழ்க் கட்டணத்தில் குறு நிறுவனங்களுக்கு 80 சதவீதமும், சிறு நிறுவனங்களுக்கு 60 சதவீதமும், நடுத்தர நிறுவனங்களுக்கு 50 சதவீதமும் மானியம் அறிவிக்கப்பட்டது. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் பட்டறைக்கு வெண்கலத்தின் கேள்விகள் நல்ல தொடக்கம். மானியத்துக்காக மட்டும் செய்தாலும் தவறில்லை. ஆனால் சான்றிதழ் கைக்கு வந்ததும் அந்தக் கோப்பை மூடிவிடாதீர்கள்.

ஒருமுறை எட்டிய நிலை கீழே இறங்குமா?

இறங்கும், அதுவும் விரைவாக. நிர்வாகம் கைமாறுவது, தரத்துறைத் தலைவர் விலகுவது, உற்பத்தி திடீரென இரட்டிப்பாவது, புதிய ஆலைக்கு அனுபவசாலிகளை மாற்றி அனுப்பிவிடுவது ஆகிய நான்கும் வழக்கமான காரணங்கள். இவற்றில் ஏதேனும் நடந்தால் ஆண்டு இறுதிவரை காத்திருக்காமல், ஆறு மாதத்துக்குள் முக்கியத் தலைப்புகளையாவது மீண்டும் மதிப்பிடுங்கள்.

மதிப்பீட்டு முடிவை வைத்து என்ன செய்ய வேண்டும்?

பல நிறுவனங்கள் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகின்றன. சிலந்திவலை வரைபடம் ஒன்று வண்ணத்தில் அச்சாகி, மேலாண்மை மறுஆய்வுக் கூட்டத்தில் காட்டப்பட்டு, கோப்புக்குள் போய்விடுகிறது. அப்படிச் செய்வதற்கு மதிப்பீட்டையே நடத்தாமல் இருக்கலாம். நேரம் கொடுத்துப் பேசிய தொழிலாளர்கள், இனி எதற்கும் வாய் திறக்க மாட்டார்கள்.

கண்டறிந்த குறைகளில் இரண்டை, அதிகம் போனால் மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பாளர், ஒதுக்கப்பட்ட தொகை, முடிக்கவேண்டிய தேதி, வெற்றியை எதைக் கொண்டு அளப்போம் என்ற அளவீடு ஆகிய நான்கும் முடிவாகாமல் கூட்டத்தைக் கலைக்கக் கூடாது. ‘திருத்த நடவடிக்கையை இரண்டிலிருந்து மூன்றுக்கு உயர்த்துவது’ என்பது இலக்காகாது. ‘டிசம்பருக்குள், திரும்ப வரும் புகார்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பது, அதற்காக மணல் சோதனைக் கூடத்தில் இரவு ஷிஃப்டுக்கும் ஓர் ஆளை நியமிப்பது’ என்பதே இலக்கு. நிலை தானாக உயரும்.

மதிப்பீட்டின்போது பேசியவர்களுக்கு முடிவைத் தெரிவிப்பதும் கடமை. ஷிஃப்ட் தொடக்கத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நீங்கள் சொன்னவற்றில் இவற்றை எடுத்துக்கொண்டோம், இவற்றை இந்த ஆண்டு செய்ய இயலவில்லை, காரணம் இது என்று சொன்னால் போதும்.

வாடிக்கையாளர் எங்கள் நிலை எண்ணைக் கேட்டால் கொடுக்கலாமா?

அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளர் தந்த சிஎம்எம்ஐ, ஆட்டோமோட்டிவ் ஸ்பைஸ் முடிவுகளை, எந்தப் பிரிவுக்கு, எந்த ஆண்டில் பெற்றவை என்ற விவரத்தோடு கொடுக்கலாம். உள்ளே நடத்திய சுயமதிப்பீட்டு எண்ணைக் கொடுக்க வேண்டாம். கொடுக்கப்போகிறோம் என்று தெரிந்தவுடன் அடுத்த ஆண்டின் எண்கள் உயரத் தொடங்கிவிடும். அதற்குப் பதிலாக, சென்ற மதிப்பீட்டில் கண்ட ஒரு குறையையும் அதற்கு எடுத்த நடவடிக்கையையும் அதன் பின் கிடைத்த பலனையும் ஆதாரத்தோடு காட்டுங்கள். நல்ல வாடிக்கையாளர் பார்க்க விரும்புவது அதைத்தான்.